வேரில்லாத வாரங்கள்

ஓர் இலை. அதன் கக்கத்தில் உறங்கும் ஒரு மொட்டு. கீழே ஒன்றரை அங்குலம் தண்டு. மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் நர்சரியில், மண் நிரப்பிய பொலித்தீன் பைக்கு ஒன்றாகக் குத்திவைக்கும் துண்டு இவ்வளவுதான். சுண்டுவிரல் நீளம்கூட இராத இந்தத் துண்டு பிழைத்துச் செடியானால், கவ்வாத்துமேல் கவ்வாத்து வாங்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் கொழுந்து கொடுக்கும்.

நடும்போது அதற்கு வேர் கிடையாது. வேர் பிடிக்க இரண்டு மாதமாவது ஆகும். மலைக்குளிரில் மூன்றும் ஆகலாம். அத்தனை நாளும் அந்த ஒற்றை இலை காற்றுக்கு நீரை விட்டுக்கொண்டேயிருக்கும். ஈர மண்ணுக்குள் திறந்து கிடக்கும் வெட்டுவாயைத் தேடிப் பூஞ்சணமும் பக்டீரியாவும் வந்துகொண்டேயிருக்கும். துண்டு உலர்ந்தும் சாகலாம், அழுகியும் சாகலாம். இரண்டில் ஒன்று நடப்பதற்குள் வேர் வந்துவிட வேண்டும்.

வீட்டில் ரோஜாக் குச்சி நட்டுத் தோற்றவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, “என்ன மருந்து போட்டால் வேர் வரும்?” என்பது. மருந்துக்குப் பிறகு வருவோம். நாம் வீட்டில் நட நினைக்கும் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் விடும் திறன் தண்டிலேயே இருக்கிறது. அதை நாம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த வாரங்களைத் துண்டு உயிரோடு கடக்கும்படி பார்த்துக்கொள்வதே நம் வேலை. நர்சரியில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் இதற்குள்தான் இருக்கிறது. அதே வேலைகளை லயத்து வாசலில் ஒரு யோகட் கப்பிலும் செய்யலாம்.

தேயிலையில் கவனம் தாய்ச்செடியிலேயே தொடங்கிவிடுகிறது. துண்டு எடுப்பதற்கென்று ஒதுக்கிய செடியைக் கவ்வாத்து வெட்டி, கொழுந்து பறிக்காமல் நாலைந்து மாதம் ஓங்க விடுவார்கள். நீண்டு வளர்ந்த கிளைகளைக் காலை வெயில் ஏறுமுன் வெட்டி, வாட விடாமல் உடனே தண்ணீர் காட்டி, நிழலுக்குக் கொண்டுபோவார்கள். கிளையின் நுனி தள்ளுபடி. அடியில் செம்பழுப்பாக முற்றிய பகுதியும் தள்ளுபடி. நடுவில் பச்சை மாறாமல் சற்று விறைத்திருக்கும் பகுதிதான் துண்டுகளாகும்.

நுனியை ஏன் எறிகிறார்கள்? அங்கே கலங்கள் இன்னும் பிரிந்து பெருகிக்கொண்டிருப்பவை. வேராக மாறச் சொன்னால் சுலபமாக மாறக்கூடியவை. ஆனால் அந்தத் தண்டுக்குத் தோல் மெல்லியது, கையிருப்பாக மாப்பொருளும் இல்லை. வேர் வருமுன் துவண்டுவிடும், அல்லது அழுகிவிடும். முற்றிய தண்டு இதற்கு நேரெதிர். பல வாரம் தாங்கும் உணவு அதில் உண்டு, சுலபத்தில் உலராது. ஆனால் அதன் கலங்கள் மரமாகவே நிலைத்துவிட்டவை. வேராக மாற நெடுநாள் எடுக்கும், சில இனங்களில் மாறவே மாறா. இடைப்பட்ட தண்டில் இரண்டும் ஓரளவு இருக்கின்றன. வீட்டில் செவ்வரத்தையோ ரோஜாவோ கொடித்தோடையோ வெட்டும்போது கையாலேயே சோதிக்கலாம்: வளைத்தால் வளைய வேண்டும், விட்டால் நிமிர வேண்டும். வளைத்த இடத்திலேயே துவண்டு நின்றால் இளசு. வளையவே மறுத்தால் முற்றல்.

அடுத்தது இலை. இலைகளை முழுக்க உருவி மொட்டைக் குச்சியாக நடுகிறவர்கள் உண்டு. பத்து இலையோடு அப்படியே நடுகிறவர்களும் உண்டு. தேயிலைத் துண்டின் இலையைக் கிள்ளிவிட்டால் அது பெரும்பாலும் வேர் விடாது. வேர் கட்டுவதற்கான சர்க்கரையைத் தயாரிப்பது அந்த இலை. வேரைத் தொடங்கிவைக்கும் ஓமோனின் ஒரு பகுதியும் அங்கிருந்தே இறங்குகிறது. ஆனால் நீரை இழப்பதும் அதே இலைதான். வேருள்ள செடியில் இழந்த நீரை வேர் ஈடுகட்டும். வெட்டிய தண்டோ வெட்டுவாய் வழியாகக் கொஞ்சம் உறிஞ்சுவதோடு சரி. அதுவும் வெட்டியபோது காழ்க் குழாய்களுக்குள் காற்று புகுந்துவிட்டால் தடைப்படும். வெட்டிய கிளைக்கு உடனே தண்ணீர் காட்டுவதில் இந்த நியாயமும் இருக்கிறது. நீர் குறைந்தால் இலை தன் இலைவாய்களை மூடிக்கொள்ளும். மூடினால் காபனீரொட்சைட்டு உள்ளே வராது, ஒளித்தொகுப்பு நின்றுபோகும், சர்க்கரையும் நின்றுபோகும். பார்வைக்குப் பச்சையாக நிற்கும் துண்டு உள்ளே பட்டினி கிடக்கும்.

ஆகவே ஓர் இலை, சின்ன இலையென்றால் இரண்டு. செவ்வரத்தை போன்ற அகன்ற இலையைப் பாதியாக வெட்டிவிடலாம். கூடவே காற்றை ஈரமாக வைக்க வேண்டும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் இலைவாய் திறந்திருந்தும் நீர் அதிகம் போகாது. நர்சரியில் பந்தலிட்டு நிழல் கட்டுவதும், பாத்திக்கு மேல் பொலித்தீன் கூடாரம் மூடுவதும் இதற்குத்தான். வீட்டில் அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்தால் போதும். ஆனால் மூடிய போத்தலை நேர் வெயிலில் வைத்துவிடக் கூடாது. உள்ளே வெப்பம் ஏறித் துண்டு வெந்துவிடும். புத்தகம் வாசிக்குமளவு வெளிச்சமுள்ள நிழல் வேண்டும். இருட்டு மூலை உதவாது, அங்கே சர்க்கரை உண்டாகாது.

இந்த விஷயத்தில் மடுல்கெல்லைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவு இது. இரண்டு பருவக்காற்றும் இந்த மலைகளைத் தொடும், மாலையானால் பனிமூட்டம் இறங்கும். நகரத்துத் தோட்டக்கலை நிலையங்கள் மின்விசை வைத்துத் தெளிக்கும் நீர்த்துளிப் புகையை இங்கே வானமே தருகிறது. கண்டிப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காலம். அப்போது நட்டால் போத்தலும் பொலித்தீனும் இல்லாமல் ஆகாது. மழை பிடித்தபின் நட்டால் பாதி வேலையைக் காற்றே பார்த்துக்கொள்ளும்.

மண் விஷயத்தில் வீட்டுக்காரர்கள் பாசத்தால் கெடுக்கிறார்கள். துண்டுக்கு உரம் வேண்டாம், மாட்டெருவும் கொம்போஸ்டும் வேண்டாம். வேரில்லாதது எதை உண்ணும்? எருவில் உள்ள பூஞ்சணங்களுக்குத்தான் வெட்டுவாய் விருந்தாகும். தேவையானவை ஈரமும் ஒட்சிசனும் மட்டுமே. வேர் புதிதாக உருவாகும் இடத்தில் கலங்கள் வேகமாகப் பிரிகின்றன, வேகமாகச் சுவாசிக்கின்றன; தண்ணீர் தேங்கிய மண்ணில் அவற்றுக்கு மூச்சு முட்டும். கழுவிய ஆற்றுமணலும் தும்புச்சோறும் பாதிக்குப் பாதி கலந்து, அடியில் ஓட்டையிட்ட கப்பில் நிரப்புங்கள். தேயிலைக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு: அது புளிமண் விரும்பி. நர்சரி மண்ணின் பீ.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் வெட்டுவாயில் வெள்ளையாகத் திசுக்கட்டி பெருத்துக்கொண்டே போகும், வேர் மட்டும் வராது. அந்தக் கட்டியைக் கண்டு “வேர் வரப்போகிறது” என்று மகிழ்கிறவர்கள் பலர். காயம் மூடும் திசு வேறு, வேர் வேறு. பல செடிகளில் இரண்டும் ஒரே காலத்தில் தோன்றுவதால் ஒன்றை மற்றதன் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறோம்.

வெட்டியபின் தண்டுக்குள் என்னதான் நடக்கிறது?

முதலில் காயத்தின் அவசரம். வெட்டுப்பட்ட கலங்கள் சில மணி நேரத்துக்குள் அபாயச் சமிக்ஞையான வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அடுத்த நாள்களில் வெட்டுவாயின் ஓரக் கலங்கள் தக்கை போன்ற பொருளால் தங்களை அடைத்துக்கொள்கின்றன. இதற்கிடையில் மேலிருந்து ஒரு சரக்கு இறங்கி வந்து வெட்டுவாயில் தேங்கத் தொடங்குகிறது. அதுதான் ஒட்சின். இளங்குருத்திலும் இலையிலும் உண்டாகி, தண்டின் வழியே கலத்துக்குக் கலம் கைமாறிக் கீழ்நோக்கியே போகும் ஓமோன். முழுச் செடியில் அது வேர்வரை இறங்கிவிடும். வெட்டிய தண்டில் பாதை அறுந்திருப்பதால் அறுந்த இடத்திலேயே குவிகிறது. அங்கே மாறிழையத்தை ஒட்டியிருக்கும் கலங்களில் சில இந்தக் குவியலை உணர்ந்து, தண்டாக இருந்த பழைய நிலையை விட்டுப் பிரியத் தொடங்கி, ஒரு வேர் நுனியாகத் திரள்கின்றன. அந்த நுனி பட்டையைத் துளைத்து வெளியே வந்தால்தான் நம் கண்ணில் படும். அதற்குள் உள்ளே பெரும்பகுதி வேலை முடிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதை தேயிலையில் தொடங்கவில்லை, புல்லில் தொடங்கியது. 1880இல் சார்ல்ஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் எழுதிய நூலில், புல்முளையின் நுனியை மட்டும் மறைத்தால் அது ஒளியை நோக்கி வளைவதில்லை என்று காட்டினார்கள். வளைவது கீழ்ப்பகுதி, ஒளியை உணர்வது நுனி. அப்படியானால் நுனியிலிருந்து ஏதோ கீழே இறங்குகிறது. 1926இல் நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் முளையின் நுனிகளை வெட்டி அகர்க் கட்டியின்மேல் வைத்து, இறங்கும் அந்தப் பொருளைக் கட்டிக்குள் பிடித்தார். அதன் வேதிப்பெயர் 1934இல் தெரிந்தது: இன்டோல் அசெற்றிக் அமிலம். ஃபிரிட்ஸ் கோகலும் கூட்டாளிகளும் அதைப் பிரித்தெடுத்தது மனித சிறுநீரிலிருந்து! முளையில் இருப்பது மிகமிகச் சொற்பம், சிறுநீரோ தாராளமாகக் கிடைத்தது. அதே காலத்தில் வென்ட், கென்னத் திமான் முதலியோரின் ஆய்வுகளால் தண்டில் வேர் தோன்றச் செய்வதும் இதே பொருள்தான் என்று தெளிவாயிற்று. 1935இல் அமெரிக்காவின் பொய்ஸ் தொம்சன் நிறுவனத்தில் சிம்மர்மனும் வில்கொக்சனும், செயற்கையாகத் தயாரித்த இன்டோல் பியூற்றிரிக் அமிலம் இன்னும் நன்றாக வேர் வரவைக்கிறது என்று கண்டார்கள். கடைகளில் சிறு டப்பாவில் விற்கும் வேர்ப்பொடியின் சரக்கு பெரும்பாலும் இன்றும் அதுதான்.

ஒட்சின் ஒரே திசையில் போகும் என்பதால் தண்டுக்குத் தலைகால் உண்டு. ஜேர்மன் தாவரவியலாளர் ஹேர்மன் வொக்டிங் 1878இல் வெளியிட்ட நூலில் இதற்கு அழகான பரிசோதனை இருக்கிறது. வில்லோக் கிளைத் துண்டுகளை ஈரக் காற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டார். செடியில் இருந்தபோது எந்த முனை கீழே இருந்ததோ, இப்போது அண்ணாந்து நிற்கும் அந்த முனையிலிருந்தே வேர் பெருகியது. துண்டுக்கு ஞாபகம் இருக்கிறது. இலையில்லாக் குச்சிகளை நடும்போது முனை மாறிப்போவது சாதாரணம். கீழ்முனையைச் சரிவாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டும் வழக்கத்தின் பெரிய பயன் இதுவே என்பேன். சரிவாக வெட்டினால் வேர் கூடுதலாக வரும் என்று சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இனி மருந்து. வேர்ப்பொடி உதவும், வேர் வரும் நாளைக் குறைக்கும், எண்ணிக்கையைக் கூட்டும். கஷ்டப்பட்டு வேர் விடும் மரவகைகளில் அது செலவுக்குத் தகும். ஆனால் தானாக ஒரு மாதத்துக்குள் வேர் விடும் செவ்வரத்தைக்கும் கொலியஸுக்கும் அதை வாங்குவது வீண். பொடியை அள்ளி அப்புவது அதைவிடக் கெடுதல். அளவு மீறிய ஒட்சின் வளர்ச்சியை முடக்கும். களைகொல்லியாக உலகெங்கும் தெளிக்கும் 2,4-டி, செயற்கை ஒட்சின் வகையைச் சேர்ந்ததே. நுனியை நனைத்து, பொடியில் தொட்டு, உதறிவிட்டு நட்டால் போதும். தேனும் கறுவாத்தூளும் தடவச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அழுகலை ஓரளவு தடுக்கக்கூடும் என்பதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம். தேனில் ஒட்சின் வேலை செய்யும் சரக்கு ஒன்றும் இல்லை.

தண்ணீர்ப் போத்தலில் வேர் விடவைப்பது பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வழி. மணி பிளான்ட், கொலியஸ், துளசி எல்லாம் கண்ணெதிரே வேர் விடும். ஆனால் தண்ணீரில் பிறந்த வேர் தண்ணீருக்கே பழகியது. அதில் வேர்மயிர் குறைவு, உள்ளே காற்றறைகள் மிகுதி, தொட்டால் முறியும். நீளமாக வளரவிட்டு மண்ணுக்கு மாற்றினால் சில நாள் வாடி நிற்கும். ஓர் அங்குலம் ஆனதுமே மாற்றிவிடுவது நல்லது. இன்னொன்று, கண்டி மாவட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை: டெங்கு நுளம்பு முட்டையிட இந்தப் போத்தல் போதும். வாரத்துக்கு ஒரு தடவைக்குக் குறையாமல் தண்ணீரை மாற்றி, போத்தலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் அது போகாது.

இதுவரை சொன்னதற்கெல்லாம் மாறாக நடப்பவை வேலிக்குச்சிகள். ஆளுயரக் கிளிசிரிடியாத் தடியை இலையெல்லாம் கழித்து வெயிலில் குத்தி வைத்தாலும் துளிர்க்கிறது. தேயிலை மலைகளில் நிழலுக்கும் பசளைக்கும் நட்ட டடப்பும் அப்படியே. காரணம் அதே கணக்குத்தான், விடை வேறு. கட்டைவிரலைவிடப் பருத்த தடியில் மாப்பொருள் மாதக்கணக்குக்கு இருக்கிறது, இலையில்லை, ஆகவே நீரிழப்பு மிகக் குறைவு, பட்டை தடித்தது. இவற்றுக்கு ஒளித்தொகுப்பு அவசரமில்லை. மரவள்ளித் தடியும் முருங்கைப் போத்தும் இந்த இனம். மெல்லிய குச்சியாகத் தேர்ந்தால்தான் இவை தோற்கும்.

அந்தக் கிளிசிரிடியாத் தடியின்மேல் மிளகு ஏறும்போது கதை இன்னும் சுவையாகிறது. கண்டி, மாத்தளைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் தாங்கும் மரமும் தடியாக நட்டது, ஏறும் கொடியும் துண்டாக நட்டது. மிளகுக் கொடி கணுவுக்குக் கணு வேர் விடும் இயல்புள்ளது. மரத்தைப் பற்றிக்கொள்ளும் அந்த வேர்க் கணுவை ஈர மண்ணில் படியவைத்தால் அதுவே மண்வேராகும். இந்த இயல்பை வைத்து இலங்கையில் ஒரு துரித நாற்று முறை உருவானது. நீளவாக்கில் பிளந்த மூங்கிலின் உள்தடுப்புகளை நீக்கி, வேர் பிடிக்கும் கலவை நிரப்பி, பாதிச் சரிவாகச் சாய்த்துவைத்து, அதன்மேல் மிளகுக் கொடியை ஓடவிடுவார்கள். கணுவெல்லாம் கலவையில் வேர் பிடித்தபின் கணுவுக்கு ஒரு கன்றாக வெட்டிக்கொள்வார்கள். இங்கே துண்டு வேர் விட்ட பிறகே தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. வேரில்லாத வாரங்கள் என்ற ஆபத்தையே முறை நீக்கிவிட்டது. ஆண்டுக்கு ஒரு கொடியிலிருந்து நாற்பது கன்றுவரை கிடைக்கும். இந்தியாவின் மிளகு ஆராய்ச்சியாளர்கள் இதை இலங்கையிலிருந்து எடுத்துத் தங்களுக்கேற்பத் திருத்திக்கொண்டார்கள்.

மிளகில் எந்தக் கிளையை வெட்டுகிறோம் என்பதும் விதியை மாற்றும். அடியிலிருந்து தரையில் ஓடும் கொடியை நட்டால் ஏறும் மிளகு. காய் தாங்கும் பக்கக்கிளையை நட்டால், அது ஏறவே ஏறாது. சாடியிலேயே புதராக நின்று காய்க்கும். மரபணு ஒன்றேதான். ஆனால் தண்டு எந்த வேலையில் இருந்ததோ அந்த வேலையைத் துண்டானபின்னும் தொடர்கிறது. மலைநாட்டுப் பங்களாக்களின் முன்னால் கிறிஸ்மஸ் மரம் என்று நிற்கும் அரோகேரியாவில் இது வேடிக்கையாகவே தெரியும். அதன் பக்கக்கிளையை வெட்டி வேர் விடச்செய்தால், நிமிர்ந்த மரம் வராது. படுத்தபடியே பக்கவாட்டில் வளர்ந்துகொண்டிருக்கும். நிமிர்ந்த மரம் வேண்டுமென்றால் உச்சித்தண்டை வெட்ட வேண்டும், அப்போது தாய்மரம் அலங்கோலமாகும். சிறிய வீட்டு முற்றத்துக்கு நான் சிபாரிசு செய்வது சாடி மிளகுதான். ஏழு பேர்ச் காணியில் மரம் வைக்க இடமேது?

தென்னையும் கமுகும் இந்த ஆட்டத்துக்கே வரா. ஒருவித்திலைத் தாவரங்களான அவற்றின் தண்டில் மாறிழையம் இல்லை. வளரும் நுனி ஒன்றே ஒன்று. அதை வெட்டினால் மரமே போயிற்று.

இனி, ஏன் துண்டு? விதை போட்டால் ஆகாதா?

மடுல்கெல்லைச் சுற்றியுள்ள மலைகளில் தேயிலைக்கு முன் நின்றது கோப்பி. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலைத் தின்றுவிட்டது. நோயின் மாதிரியை அனுப்பிப் பெயரிடச் செய்தவர் அன்றைய பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ். அதே காலத்தில் ஹக்கலையில் 1861இல் தொடங்கிய தோட்டத்திலிருந்து சிங்கோனா பரவியது. கொயினா மருந்தின் மரம் அது. தென்னமெரிக்காவிலிருந்து பெரும்பாடுபட்டு வந்த சொற்பச் செடிகளையும் விதைகளையும் வைத்து, ஊட்டியில் வில்லியம் மக்கைவர் துண்டு நட்டும் பதியமிட்டும் சில ஆண்டுகளில் பெருக்கிக் காட்டினார். கையில் கொஞ்சமே இருக்கும் செடியை விரைவாகப் பெருக்க வேண்டுமென்றால் துண்டுக்கு நிகரில்லை என்பது மலைத்தோட்டங்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

தேயிலை மட்டும் விதையிலேயே வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் பயிரிட்டதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் அதுவே வழக்கம். தேயிலை தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஒவ்வொரு விதையும் இரு வேறு செடிகளின் கலப்பு. ஆகவே பழைய ‘சீட்’ மலையில் ஒரு செடிபோல் இன்னொன்று இராது. ஒன்று முந்திக் கொழுந்து விடும், ஒன்று பிந்தும். ஒன்றில் அள்ளலாம், பக்கத்ததில் கிள்ளத்தான் முடியும். கொழுந்தெடுக்கும் பெண்களின் கைக்கு இது நன்றாகத் தெரியும். 1925இல் தோன்றி, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தில் (டி.ஆர்.ஐ.), 1930களில் டப்ஸ் என்ற ஆய்வாளர் தேயிலைத் துண்டுகளை வேர் விடவைக்கும் பரிசோதனைகளில் இறங்கினார். நல்ல செடி ஒன்றைத் தேர்ந்து, அதையே ஆயிரமாயிரமாக நடலாம் என்ற வழி அதிலிருந்து திறந்தது. பிற்பாடு டி.ஆர்.ஐ. 2025, 2026 என்று எண்ணிட்ட இனங்கள் வந்தன. இன்று நாட்டின் கொழுந்தில் பெரும்பங்கைத் தரும் சிறுதோட்டக்காரர்கள் நட்டிருப்பது பெரும்பாலும் துண்டில் பெருக்கிய இந்த ‘வி.பி.’ தேயிலைதான். நர்சரியில் பை நிரப்பி, துண்டு வெட்டி, குத்தி, நீர் தெளித்து அவற்றை வளர்த்துக் கொடுத்தவை மலையகப் பெண்களின் கைகள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அந்தக் கைகளுக்கு இடமில்லை.

வி.பி. தேயிலை விளைச்சலைக் கூட்டியது உண்மை. அதற்கு விலையும் உண்டு. விதையில் முளைத்த செடி ஆணிவேர் இறக்கும். துண்டில் வந்த செடிக்கு ஆணிவேர் இல்லை, வெட்டுவாயைச் சுற்றிப் பிறந்த பக்கவேர்களே உண்டு. வறட்சியில் சில வி.பி. இனங்கள் முதலில் வாடுவதற்கு இது ஒரு காரணம். இனத்துக்கு இனம் வித்தியாசம் பெரிது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: டி.ஆர்.ஐ. 2025 வறட்சி தாங்கும், டி.ஆர்.ஐ. 2023 தாங்காது. இரண்டாவது விலை, ஒரே தன்மை. ஒரே தாய்ச்செடியின் துண்டுகளில் வந்த மலை முழுதும் உயிரியலில் ஒரே செடி. அது தாங்காத நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் சேர்ந்தே வரும். 1946இல் கொப்புள நோய் இலங்கைக்குள் நுழைந்தபோது தேயிலை பிழைத்ததற்கு மருந்துத் தெளிப்பு ஒரு காரணம். மலைகளில் செடிக்குச் செடி வேறுபாடு நிறைந்திருந்ததும் ஒரு காப்பு என்றே நான் கருதுகிறேன். பிற்பாடு வந்த டி.ஆர்.ஐ. 2000 வரிசை இனங்களில் பெரும்பாலானவை ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒற்றைத் தாய்ச்செடியின் வழி வந்தவை. பெயர்கள் பல, குடும்பம் ஒன்று. இந்தக் குறுகலைப் பற்றி நிறுவகத்தின் ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் இந்தக் கவலை இல்லை. அயல்வீட்டு ரோஜாவின் அதே நிறமும் அதே மணமும் வேண்டும் என்றுதான் குச்சி கேட்கிறோம். ஒரே தன்மையே அங்கே வரம்.

மலையில் நிலைமை வேறு. நூறு வயதை எட்டிய சீட் மலைகளை இன்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி வி.பி. நடுகிறார்கள், அல்லது காடாக விட்டுவிடுகிறார்கள். அந்த மலைகளில் ஒவ்வொரு செடியும் வேறு செடி. பல வறட்சிகளையும் கொப்புள நோயையும் கண்டு மீண்டது. ஒருமுறை பிடுங்கினால் அந்தக் கலப்பு உலகில் வேறெங்கும் கிடையாது. எந்தச் செடி மார்ச் வெயிலிலும் வாடாமல் நிற்கிறது, எது நோய்க்காலத்தில் தப்புகிறது என்பது அங்கே கொழுந்தெடுத்தவர்களுக்குத் தெரியும். தோட்ட நிர்வாகங்களிடமும் தலவாக்கலையிடமும் கேட்பது ஒன்றே: மண்வெட்டி இறங்குமுன் அவர்களைக் கூட்டிப்போய் அந்தச் செடிகளைக் காட்டச் சொல்லுங்கள், அடையாளம் கட்டி, செடிக்குப் பத்துத் துண்டாவது வெட்டி நர்சரியில் வையுங்கள். ஒன்றரை அங்குலத் தண்டும் ஓர் இலையும் போதும்.